பார்த்தோம் என்றொரு பதில்

கட்டிலக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வட்டாரத்து மருத்துவமனைகளில் யாராவது இடுப்பை உடைத்துக்கொண்டு படுத்தால், வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸுகள் சொல்வது ஒன்றுதான்: "கட்டிலக்காவைக் கேளுங்க." மடக்குக் கட்டில், வீல்சேர், வாக்கர், ஆக்சிஜன் மெஷின் என்று நோயாளிக்கு வேண்டிய சாமான்களை இரவலாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் நிலையம் ஒன்றை அவள் நடத்திவந்தாள்.

நிலையம் இருந்த இடம் முன்பு மரச்சாமான் கடை. பெரிய கண்ணாடி முகப்பு அப்படியே இருந்தது. சோபா வைத்திருந்த இடத்தில் இப்போது வீல்சேர்கள் வரிசையாக நின்றன. தெருவில் போகிறவர்கள் சிலர் உள்ளே எட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். "விலைக்கு இல்லீங்க. கால் உடைஞ்சா வாங்க, சும்மாவே தர்றோம்" என்பாள் கட்டிலக்கா. அதற்குப் பிறகு அவர்கள் வேகமாக நடந்துவிடுவார்கள்.

அவளோடு இரண்டு பேர் வேலை பார்த்தார்கள். சாமான்களைப் பழுது பார்க்கிறவனுக்கு நட்டு என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் குலுங்கும். வேன் ஓட்டுகிறவர் மெதுவண்ணன். அவர் வேனை சைக்கிள்கள் முந்திப் போகும். "நான் ஓட்டறது கட்டிலை இல்ல, கட்டில்ல படுக்கப் போறவங்களோட நம்பிக்கையை" என்று அவர் ஒருமுறை சொன்னதிலிருந்து யாரும் அவரை அவசரப்படுத்துவதில்லை.

பேக்கரிக்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. புறங்கையில் மாவு காய்ந்திருந்தது. வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். மகளை வீல்சேரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, கட்டிலக்காவின் மேசைக்கு முன்னால் நிறுத்தினார்.

"பாருங்க."

கட்டிலக்கா பார்த்தாள். நாற்காலி அவர்கள் கொடுத்ததுதான். உட்கார்ந்திருந்த சிறுமிதான் நாற்காலியை விட்டு வளர்ந்துவிட்டாள். முழங்கால்கள் மார்பைத் தொடுகிற மாதிரி மடங்கியிருந்தன. கால் வைக்கும் தட்டைக் கழற்றிவிட்டு, ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பக்கச் சட்டம் உரசி உரசி இடுப்போரம் சிவந்திருந்தது.

"ஐயோ, ஏங்க சொல்லவே இல்ல?" என்றாள்.

சொல்லியிருக்கக் கூடாத வார்த்தை. பேக்கரிக்காரரின் முகம் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது.

"சொல்லலயா? உங்க ஆன்லைன் ஃபார்ம்ல மூணு தடவை போட்டேன். உயரம் மாறிடுச்சுன்னு போட்டேன். எடை மாறிடுச்சுன்னு போட்டேன். கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல 'தயவுசெய்து'ன்னு ஆரம்பிச்சு ஒரு கதையே எழுதினேன். ஒவ்வொரு தடவையும் 'உங்கள் விவரம் பதிவாகிவிட்டது'ன்னு வருது. நீங்க பாத்துட்டீங்க, வருவீங்கன்னு நாங்க வாசலைப் பாத்துட்டே இருக்கோம்."

"அப்பா, மெதுவா பேசு. அவங்க பயந்துட்டாங்க" என்றாள் சிறுமி.

"நீ சும்மா இரு, வாயாடி."

கட்டிலக்கா கம்ப்யூட்டரில் சிறுமியின் பதிவைத் திறந்தாள். உயரம் சரியாக இருந்தது. எடை சரியாக இருந்தது. குறிப்புக் கட்டத்தில் அந்த 'தயவுசெய்து'வும் இருந்தது. அதுதான் கொடுமை. புதியதை எழுதும்போதே பழையது அழிந்துபோகிற ஏற்பாடு அது. பதிவைப் பார்த்தால், இந்தப் பெண் பிறந்த நாளிலிருந்தே இந்த உயரம்தான் என்பது போல சாதுவாக உட்கார்ந்திருந்தது. எல்லாம் வந்து சேர்ந்திருக்கிறது. வந்தது என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை.

கட்டிலக்கா திரையை அவர் பக்கம் திருப்பினாள். அவள் சமாதானம் எதுவும் சொல்லாததாலேயோ என்னவோ, பேக்கரிக்காரரின் குரல் இறங்கியது.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கலீங்க. சேர் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, வேற எடத்துல பாத்துக்கறோம். பாத்தோம்னு ஒரு வார்த்தை. கெணத்துல கல்லு போட்டாக்கூட ஒரு சத்தம் வருது."

நட்டு அதற்குள் அளவு நாடாவோடு வந்து சிறுமியின் பக்கத்தில் மண்டியிட்டிருந்தான். அவள் வளர்த்திக்குச் சரியான நாற்காலி அப்போது கையிருப்பில் இல்லை. ஒரு பெரியவருக்கான நாற்காலியைப் பிரித்து, இருக்கையைக் குறுக்கி, காலடித் தட்டை ஏற்றி வைத்தால் சரியாக வரும் என்றான்.

"என்ன கலர்?" என்று கேட்டாள் வாயாடி.

"கருப்பு."

"கருப்பா?"

"பாக்கலாம்" என்றான் நட்டு.

அன்று மாலை வீட்டில் கட்டிலக்கா கைப்பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராக நாத்தனார் முன்னால் போய் நின்றாள்.

நாத்தனாரை வீட்டில் எல்லோரும் கூப்பிடுவது பாப்பா என்றுதான். கணவனுக்கு ஒரே தங்கை. தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் பாப்பாதான். போன வருஷம் இரண்டு பெட்டிகளோடு வந்து, "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன் அண்ணி" என்றாள். அவள் புருஷன் வரவில்லை, போனும் செய்யவில்லை. ஏன் என்று கட்டிலக்கா கேட்கவில்லை, பாப்பாவும் சொல்லவில்லை. கேட்டால் விரட்டுகிற மாதிரி இருக்குமோ என்று இவளுக்கு. சொன்னால் பாரமாகிவிடுமோ என்று அவளுக்கு. பாப்பா ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை செய்தாள். நிலையத்துக்கு டேட்டாபேஸும் ஆன்லைன் படிவமும் செய்து கொடுத்தது அவள்தான்.

"பாப்பா, நீ செஞ்ச ஃபார்ம்ல ஒருத்தர் எழுதினா அது எங்க போகுது?"

"டேட்டாபேஸுக்கு."

"அங்க யாரு உக்காந்திருக்கா?"

பாப்பா சிரித்தாள். "யாரும் உக்காந்திருக்க மாட்டாங்க அண்ணி. அது டேட்டாபேஸ்."

"அதான் கேக்கறேன். ஆளில்லாத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுங்கன்னு எல்லாரையும் அனுப்பிட்டு இருக்கோம் நாம."

நடந்ததைச் சொன்னாள். இடுப்போரத்துச் சிவப்பைத் தன் இடுப்பிலேயே தொட்டுக் காட்டினாள். பாப்பாவின் சிரிப்பு நின்றது. ஆனால் குற்றம் சுமத்தும்போது யாருக்குத்தான் ரோஷம் வராது?

"அண்ணி, போன் அடிச்சுக்கிட்டே இருக்கு, சாப்பிட முடியல, தூங்க முடியல, அது அடிக்காம ஏதாவது பண்ணுன்னு கேட்டீங்க. பண்ணேன். அடிக்கல. யாராவது எதையாவது மாத்தினா எனக்குச் சொல்லுன்னு நீங்க கேக்கவே இல்ல."

"எல்லாத்தையும் வாய்விட்டுக் கேக்கணுமா?"

"கேட்டாதானே தெரியும்?"

கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கணவர், எல்லோருக்கும் பார்வையைச் சரிசெய்கிறவர், இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் பார்க்காமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஒரே தட்டை வெகுநேரமாகக் கழுவினார்.

பாப்பா சொன்னதில் நியாயம் இருந்தது என்பது கட்டிலக்காவுக்குக் கை கால் கழுவிவிட்டு வருவதற்குள்ளேயே புரிந்துவிட்டது. படிவம் வந்த பிறகு போன் அடங்கியது. அந்த அமைதி அவளுக்கு இனித்தது. எல்லோரும் சௌக்கியமாக இருக்கிறார்கள், அதனால்தான் கூப்பிடவில்லை என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டாள். ஊர் அமைதியாக இருக்கிறதென்று நினைத்தால், காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அவள் கிளம்பும்போது, பாப்பா மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன். அந்தப் பொண்ணு எவ்ளோ வளந்திருக்கா?"

"தெரியல. அதான் பிரச்சினையே. புதுசு மட்டும்தான் இருக்கு. பழசு இல்ல."

"சரி. இனிமே ரெண்டும் இருக்கும்" என்றாள் பாப்பா.

முதலில் செய்த வேலை, இரவல் வாங்கிய ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவது. நட்டு, மெதுவண்ணன், கட்டிலக்கா மூவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். சில வீடுகளில் திட்டினார்கள். சில வீடுகளில் எதையோ மாற்றிப் போட்டுவிட்டு அவர்களே மறந்துபோயிருந்தார்கள். ஒரு பாட்டியம்மா, "நீங்களே கூப்பிட்டுட்டீங்களா!" என்று மகிழ்ந்துபோய், மருமகளின் குறைகளை எல்லாம் மெதுவண்ணனிடம் சொல்லி முடித்தாள். அவரும் தன் வேகத்திலேயே கேட்டு முடித்தார்.

வாயாடியின் நாற்காலியை நட்டு அந்த வாரமே முடித்தான். இருக்கையைக் குறுக்கி, சட்டத்துக்கு மெத்தை சுற்றி, பழைய சாயத்தைச் சுரண்டிவிட்டு மஞ்சள் அடித்திருந்தான். பேக்கரிக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிறுமி உட்கார்ந்து, கால்களை நீட்டி, "அப்பா, எனக்கு இவ்ளோ நீளமா கால் இருக்கு!" என்றாள். பேக்கரிக்காரர் அடுப்பைப் பார்ப்பவர் போலத் திரும்பிக்கொண்டார்.

இதற்கிடையில் பாப்பா தன் வேலையை முடித்திருந்தாள். யாராவது படிவத்தில் 'அனுப்பு' என்பதை அழுத்தினால், அந்த நிமிஷமே கட்டிலக்காவின் போனுக்கு மெசேஜ் வரும். யார், எந்தக் கட்டத்தை மாற்றினார்கள், பழையது என்ன, புதியது என்ன. "இனிமே ஒரு புள்ளி மாறினாலும் உங்களுக்குத் தெரியும் அண்ணி" என்றாள் பெருமையாக.

சொன்னபடியே ஆயிற்று. பல் டாக்டரின் நாற்காலியில் கட்டிலக்கா வாயைத் திறந்து படுத்திருந்தபோது போன் மணி அடித்தது. உடனே இன்னொன்று. அப்புறம் மழைக்காலத்துத் தவளைக் கூட்டம் மாதிரி விடாமல் கத்த ஆரம்பித்தது. வாயில் பஞ்சு, குழாய், டாக்டரின் இரண்டு விரல். எட்டி எடுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை.

"வீட்ல ஏதாவது நல்ல சேதியா?" என்றார் டாக்டர். "ஊரே வாழ்த்துது போல."

விஷயம் இதுதான். டேட்டாபேஸில் இருந்த போன் நம்பர்கள் எல்லாம் ஆளுக்கொரு தினுசில் எழுதப்பட்டிருந்தன. அவற்றை ஒரே மாதிரி ஆக்கலாமே என்று நல்லெண்ணத்தோடு பாப்பா ஒரே தட்டில் மாற்றியிருக்கிறாள். அத்தனை பதிவுகளும் மாறின. அத்தனைக்கும் மெசேஜ் வந்தது. பழையதும் புதியதும் ஒரே நம்பர். நடுவில் ஒரு இடைவெளி மட்டும் கூடுதல்.

கட்டிலக்கா வெளியே வந்ததும் போனின் வாயை அடைத்துப் பையின் அடியில் போட்டாள். அந்தக் குப்பைக்குள் ஒரே ஒரு நிஜமான மெசேஜும் இருந்தது. ஒரு பெண்மணி வீடு மாறியதைத் தெரிவித்திருந்தார். அது தெரியாமல் மெதுவண்ணன் வாக்கரை ஏற்றிக்கொண்டு பழைய வீட்டுக்குப் போய், பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, அதே நிதானத்தோடு திரும்பி வந்தார். அந்த அம்மா அன்று முழுதும் சுவரைப் பிடித்து நடந்திருக்கிறார்.

"முன்னாடி ஒண்ணுமே தெரியாம தப்பு பண்ணோம்" என்றாள் கட்டிலக்கா, வீங்கிய கன்னத்தோடு. "இப்போ எல்லாம் தெரிஞ்சு தப்பு பண்றோம்."

இந்த முறை பாப்பாவுக்கு ரோஷம் வரவில்லை. நிலையத்தின் பின்பக்கம், வாக்கர்கள் தொங்கும் சுவரோரம் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சும்மா படிவத்தைத் திறந்து எதையும் மாற்றாமல் அனுப்பினால் மெசேஜ் வேண்டாம் என்றான் நட்டு. நாமே உள்ளேயிருந்து திருத்தினால் நமக்கே சொல்ல வேண்டாம் என்றாள் பாப்பா. வீட்டு முகவரியும், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்பதும், சாமான் வேண்டும் வேண்டாம் என்பதும், உடம்பு அளவும் உடனே தெரிய வேண்டும். மற்றதெல்லாம் காலையில் ஒரே கட்டாக வந்தால் போதும் என்று கட்டிலக்கா பிரித்துச் சொன்னாள். மெசேஜ் தனக்கு மட்டும் வராமல் மூன்று பேருக்கும் வர வேண்டும், யார் கவனிக்கப் போகிறாரோ அவர் 'பார்த்தேன்' என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றும் முடிவாயிற்று. ஊரார் பிள்ளைபோல எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டால் யாருமே பார்க்க மாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

"அனுப்பினவங்களுக்கு 'நன்றி, உங்கள் தகவல் கிடைத்தது'ன்னு தானா ஒரு பதில் போற மாதிரி வெச்சிடவா?" என்று கேட்டாள் பாப்பா.

"வேண்டாம். மெஷின் சொல்ற நன்றியை நம்பித்தான் அந்த மனுஷன் வாசலைப் பாத்துட்டு இருந்தாரு. நம்மள்ல ஒருத்தர் பொத்தானை அழுத்தினா மட்டும் போகட்டும். 'பார்த்தோம்'னு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோ போதும்."

சோதனை பார்க்க வேண்டிய நேரம் வந்தது. இரவல் வாங்கியவர்களின் பதிவில் கை வைக்க வேண்டாம், நிலையத்தில் உதவி செய்கிறவர்களுக்கும் பதிவு இருக்கிறதே, என்னுடையதையே படிவம் வழியாக மாற்றிப் பார்க்கிறேன், இப்போதைக்கு அண்ணி போனுக்கு மட்டும் வரட்டும் என்றாள் பாப்பா. அவள் பின்பக்கம் மேசையில். கட்டிலக்கா முன்பக்கம், கண்ணாடியோரம், ஒரு சக்கரத்தில் சிக்கியிருந்த முடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். போன் ஒரே ஒரு முறை அடக்கமாக மணி அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

உதவியாளர் பதிவில் மாற்றம்.
அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்.
பழையது: கணவர்.
புதியது: அண்ணி.

கட்டிலக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள்.

"வந்துச்சா அண்ணி?" பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. சாதாரணமாக இருக்கப் பாடுபட்ட குரல்.

"வந்துச்சு."

"பழசும் புதுசும் சரியா தெரியுதா?"

"தெரியுது."

அவள் விரல் கொஞ்ச நேரம் போனின் மேல் நின்றது. பிறகு 'பார்த்தேன்' என்பதை அழுத்தினாள். பின்பக்கம் பாப்பாவின் போன் மணி அடித்தது. அதற்குப் பிறகு விசைப்பலகைச் சத்தம் கேட்கவில்லை.

கட்டிலக்கா எழுந்து போனாள். பாப்பா திரையைப் பார்த்தபடியே இருந்தாள். ஒரு வாக்கரை இறக்கி நிமிர்த்தி, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு கட்டிலக்கா பக்கத்தில் நின்றாள்.

"எப்போ?"

"போன மாசம் கையெழுத்துப் போட்டாச்சு. எல்லாம் முடிஞ்சிடுச்சு. சண்டை எல்லாம் இல்ல. சண்டை போடறதுக்குக்கூட அவருக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. அதான் சொல்றதுக்கும் ஒண்ணும் இல்லாம போச்சு."

"ஒரு வருஷமா தனியாவே சுமந்துட்டு இருந்தியா?"

"நீங்க கேப்பீங்கன்னு பாத்தேன்."

"நீ சொல்வேன்னு நான் பாத்தேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. பாப்பா சிரித்துக்கொண்டே அழுதாள். கட்டிலக்கா முந்தானை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். தலையில் நரை இருந்தாலும் அந்த நேரத்தில் அவள் பாப்பாவாகத்தான் இருந்தாள்.

"ஆமா, ஏன் உங்க அண்ணனைப் போடல?"

"அண்ணன் போனைத் தேடி எடுக்கறதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துட்டுத் திரும்பிப் போயிடும்."

அன்று வீட்டுக்குப் போனதும் கட்டிலக்கா முன்னறை அலமாரியில் பாதியைக் காலி செய்தாள். கட்டிலுக்கடியில் கிடந்த இரண்டு பெட்டிகளையும் பாப்பாவே இழுத்துத் திறந்தாள். கணவருக்கு விஷயம் தெரிந்ததும், தங்கையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் அவளுடைய கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தளர்ந்திருந்த திருகை முறுக்கிக் கொடுத்தார். அவரால் முடிந்த ஆறுதல் அது. நல்ல ஆறுதல்தான்.

அதற்குப் பிறகு நிலையத்தில் மெசேஜ்கள் அளவாக வந்தன, பயனுள்ளதாக வந்தன. ஒரு வீட்டில் எடை குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துவிட்டுக் கட்டிலக்கா போன் செய்து, டாக்டரிடம் காட்டச் சொன்னாள். வாயாடி குறிப்புக் கட்டத்தைத் தன் சொந்தச் சொத்தாக்கிக்கொண்டாள். 'பிரேக் போட்டால் எலி கத்துகிறது' என்று ஒரு நாள். நட்டு போய் எண்ணெய் விட்டு வந்தான். 'எலி செத்துவிட்டது, நன்றி' என்று மறுநாள். ஒவ்வொன்றுக்கும் யாராவது பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொன்றுக்கும் 'பார்த்தோம்' போயிற்று.

பிறகு ஒரு நாள் முற்பகலில் மூன்று போன்களும் ஒன்றாக மணி அடித்தன.

நீச்சல் வாத்தியாரின் பதிவு. ஏணியிலிருந்து விழுந்து முதுகை முறித்துக்கொண்டவர். இனி எழுந்திருப்பது சந்தேகம்தான் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்ட அன்று, படுத்த படுக்கையிலும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டிருந்தார்.

கட்டில் தேவையா?
பழையது: ஆம்.
புதியது: இல்லை.

நட்டு கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். இந்தக் கட்டம் 'ஆம்' என்பதிலிருந்து 'இல்லை' என்று மாறுவதற்கு அவர்களுடைய அனுபவத்தில் பெரும்பாலும் ஒரே அர்த்தம்தான்.

நட்டுவின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. "அழுத்தாதே" என்றாள் கட்டிலக்கா. "இதுக்குப் போய் 'பார்த்தோம்'னு எப்படி அனுப்பறது? நேர்ல போறேன்."

பாப்பாவும் கூட வந்தாள். தன் படிவத்தின் மறுமுனையில் இருக்கும் வீட்டை அவள் அதுவரை பார்த்ததே இல்லை. மெதுவண்ணன் அன்று வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் கீழ்த்தளத்து வீடு. கதவைத் திறந்த வாத்தியாரின் மனைவிக்கு மூக்கும் கண்ணும் சிவந்திருந்தன. கையில் கைக்குட்டை. கட்டிலக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேதி பாத்ததும் மனசே சரியில்லம்மா. என்ன சொல்றதுன்னே தெரியல. ரொம்ப நல்ல மனுஷர்."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்."

"நல்ல மனுஷரா?" அந்த அம்மா கைக்குட்டையில் ஒரு தும்மல் தும்மினாள். "எனக்கு ஜலதோஷம், ஒரு கஷாயம் வெச்சுக் குடுக்கத் துப்பில்ல. நீங்க ஒரு வாரம் கூட இருந்து பாருங்க, அப்புறம் சொல்லுங்க நல்ல மனுஷர்னு."

கட்டிலக்கா அவள் கையை விடாமல் அப்படியே நின்றாள். அந்த அம்மாவுக்குத் துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பாப்பா பயந்துபோய் அண்ணியைப் பார்த்தாள். அப்போது உள்ளேயிருந்து காதைக் கிழிப்பது போல ஒரு விசில் சத்தம்.

"யாரு வந்திருக்கா? கட்டில்காரங்களா? உள்ள வரச் சொல்லு!"

கைத்தடி தட்டுகிற சத்தம் முதலில் வந்தது. அப்புறம் அவர் வந்தார். ஒரு தோள் சற்றே தாழ்ந்து, ஒரு கால் மற்றதற்காகக் காத்திருந்து, ஆனால் நின்றபடி, நடந்தபடி வந்தார். சமையலறையிலிருந்து கூடத்துக்கு. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"சமையல் மேடையில சாஞ்சு நின்னுக்கிட்டே நான்தான் அந்த ஃபார்மை அனுப்பினேன். கஷாயம் வெக்கத்தான் போனேன், அதுக்குள்ள திட்டறா. கட்டிலைத் தூக்கிட்டுப் போங்க. அதைப் பாத்தாலே எனக்கு முதுகு வலிக்குது."

மெதுவண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்து போய் அவரைக் கட்டிக்கொண்டார். கட்டிலக்கா பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். விஷயம் புரிந்ததும் அந்த அம்மா தும்மலும் சிரிப்புமாக, "அடப்பாவிகளா, என்னை விதவையாக்கிட்டீங்களே!" என்றாள்.

"என் மேல என்ன தப்பு?" என்றார் வாத்தியார். "தேவையா இல்லையான்னு கேட்டிருந்தாங்க. இல்லைன்னேன். ஏன்னு கேக்கவே இல்லையே."

பாப்பா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே திறந்தாள். உள்ளறையில் மெதுவண்ணன் கட்டிலின் திருகுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தார். வாத்தியார் தடியை ஊன்றி நின்று, எந்தக் காலை முதலில் மடக்க வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இல்லைன்னு போட்டா, கீழ ஏன்னு ஒரு கேள்வி வர்ற மாதிரி வெக்கறேன். என்னென்ன போடலாம் சொல்லுங்க அண்ணி. வீடு மாறிட்டோம், வேற எடத்துல கெடச்சிடுச்சு, இறந்துட்டாங்க..."

"எழுந்து நடந்துட்டாங்கன்னு போடு."

"போட்டேன். நாலாவது."

"நாலாவதா? முதல்ல போடு."

"அண்ணி, நடக்கறது ஆயிரத்துல ஒண்ணு. அதிகமா வர்றதைத்தான் மேல வெக்கணும். அதுதான் முறை."

"முறையெல்லாம் அப்புறம். அந்தக் கட்டத்தைத் தொறக்கறவங்க கண்ணுல முதல்ல இதுதான் படணும். மேல ஏத்து."

பாப்பா ஏற்றினாள்.